அத்தியாயம் 7: உறங்காத தெருவில் நாயை உறங்க வைத்தல்

வியா மக்வேதாவிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் மாடி வீடுகளில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களை மனதில் வைத்து இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். பலெர்மோ மத்திய ரயில் நிலையத்துப் பக்கம் தொடங்கி தேயாத்ரோ மாஸ்சிமோ அரங்கம் வரை போகும் இந்தத் தெருவுக்கு இரவு என்று ஒன்று தனியாகக் கிடையாது. குவாத்ரோ காந்தி சந்திப்புக்கு வடக்கே கார்கள் ஓடுவதில்லை. அந்த அமைதியைத் தெருப்பாடகர்களும், பாட்டை அலறவிட்டுப் பயணிகளை ஏற்றிச் செல்லும் மூன்று சக்கர ஆப்பே வண்டிகளும், கடை வாசல் நாற்காலிகளில் அமர்ந்து பேசும் கூட்டமும் நிரப்பிவிடுகின்றன. கடைகள் மூடும் நேரத்தில் இரும்பு ஷட்டர்கள் சடசடவென்று இறங்கும். காலிப் போத்தல்கள் தொட்டியில் விழுந்து நொறுங்கும். நமக்குப் பழகிவிட்டது. நமக்குக் கேட்காத உயர்ந்த ஒலிகளையும் கேட்கும் நாய்க்குப் பழகவில்லை.

தெருவை மாற்ற முடியாது. வீட்டுக்குள் நாய் படுக்கும் இடம், மாலை வேளையின் ஒழுங்கு, நடு இரவில் நீங்கள் நடந்துகொள்ளும் விதம் மூன்றையும் மாற்றலாம். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ பேருந்துச் சாலைக்கு மேலே குடியிருப்பவர்களும் இதே வரிசையைப் பின்பற்றலாம்.

முதல் வேலை: கால்நடை மருத்துவர்

இரவில் அலையும் நாய்க்கெல்லாம் காரணம் பயம் என்று முடிவு கட்டாதீர்கள். மூட்டுவலி, தோல் அரிப்பு, சிறுநீர்த் தொற்று, வயிற்று உபாதை எல்லாமே இரவில்தான் கூடுதலாகத் தொல்லை தரும். 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, சத்தத்துக்கு அஞ்சும் சில நாய்களின் பயத்துக்குப் பின்னால் தசை, மூட்டு வலி மறைந்திருப்பதைக் காட்டியது. திடுக்கிட்டு எழும்போது உடல் இறுகுகிறது, இறுகும்போது வலிக்கிறது. அதனால் அந்தச் சத்தமே வலியின் அறிகுறியாக நாயின் மனதில் பதிந்துவிடுகிறது.

மருத்துவரிடம் இவற்றைக் கட்டாயம் சொல்லுங்கள்:

- அமைதியின்மை எப்போது தொடங்கியது? திடீரென்றா, மெல்ல மெல்லவா?
- நாய்க்கு வயது என்ன? முதிய நாய் இரவில் சுவரைப் பார்த்து நிற்பதும், பழகிய வீட்டிலேயே வழி தெரியாமல் சுற்றுவதும் மூளை முதுமையின் அறிகுறியாக இருக்கலாம். அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு.
- லெய்ஷ்மேனியா சோதனை செய்தாயிற்றா? சிசிலியில் மணல் ஈ பரப்பும் இந்த நோய் நாய்களிடையே பரவலாக இருக்கிறது. அந்த ஈ கடிப்பது அந்தி முதல் விடியல் வரை.

குறிப்பு: மணல் ஈயை விரட்டும் கழுத்துப்பட்டையை வெயில் காலம் முழுவதும் கழற்றாதீர்கள். வீட்டில் பூனையும் இருந்தால், நாய்க்கு எதை வாங்கும் முன்பும் மருத்துவரைக் கேளுங்கள். பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனைக்கு உயிர்கொல்லி.

பயத்தை எப்படி அறிவது?

ஊளையிடுவதும் குரைப்பதும் கடைசிக் கட்டம். அதற்கு வெகு முன்பே உடல் சொல்லிவிடும். தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடும். உணவு எதுவும் இல்லாதபோது மூக்கை நக்கும். காதுகள் பின்னோக்கிப் படியும். உட்காரும், எழும், மறுபடி வேறு இடத்தில் உட்காரும்.

மூச்சிரைப்பை மட்டும் அவசரப்பட்டு எடை போடாதீர்கள். ஆப்பிரிக்காவிலிருந்து சிரோக்கோ காற்று வீசும் இரவுகளில் எந்த நாயும் மூச்சிரைக்கும். வெப்பத்தால் இரைக்கும் நாய் குளிர்ந்த தரையைத் தேடிக் கால் நீட்டிப் படுத்துவிடும். தண்ணீர் வைத்தால் குடிக்கும். பயத்தால் இரைக்கும் நாய் படுக்காது. வாயின் ஓரங்கள் பின்னோக்கி இழுபட்டிருக்கும், கண்ணின் வெள்ளை தெரியும், பிடித்த தின்பண்டத்தைக் கையில் நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இந்தக் கடைசி அறிகுறி மிகவும் நம்பகமானது. தின்ன மறுக்கும் நாயிடம் அந்த நேரத்தில் எந்தப் பயிற்சியும் பலிக்காது. சத்தத்திலிருந்து அதை விலக்கிக் கூட்டிப் போவதுதான் வேலை.

படுக்கும் இடம்

பெரும்பாலான வீடுகளில் பிழை இங்கேதான் நேர்கிறது. ஊரில் நாய் வாசலில் கிடக்கும், வீட்டைக் காவல் காக்கும். அந்தப் பழக்கத்தில் இங்கே நாயைப் பால்கனியில் படுக்க விடுகிறார்கள். வியா மக்வேதாவைப் பார்த்த பால்கனியைவிடக் கெட்ட இடம் உங்கள் வீட்டில் வேறு இல்லை. மொத்தத் தெருச்சத்தமும் இரண்டு பக்கக் கட்டடங்களிலும் மோதி அங்கே வந்து சேர்கிறது. பாதுகாவல் என்ற பெயரில் இரவெல்லாம் தனியே விழித்திருக்கும் வேலையைப் பயந்த நாயின் தலையில் கட்டுகிறோம். வெடிச்சத்தத்தில் மிரண்டு கம்பிக்கு மேலே தாவினால், கீழே இருப்பது கல் பாவிய தெரு. பால்கனியில் நாயை இரவில் விடவே கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

இடத்தை இந்த வரிசையில் தேர்ந்தெடுங்கள்:

1. இரவு பதினோரு மணிக்கு ஒவ்வோர் அறையிலும் விளக்கை அணைத்து, தரையில் உட்கார்ந்து கேளுங்கள். நாயின் காது இருக்கும் உயரத்தில் கேட்பது முக்கியம். கதவின் அடி இடுக்கு வழியாக எவ்வளவு சத்தம் வருகிறது என்பது நிற்கும்போது தெரியாது.
2. பழைய பலாத்சோ கட்டடங்களில் தெருப்பக்க அறைகளும் உள்முற்றத்துப் பக்க அறைகளும் உண்டு. முற்றத்துப் பக்க அறை இருந்தால் அதுவே முதல் தேர்வு. அது இல்லாவிட்டால், ஜன்னல் இல்லாத நடைவழியின் மூலை.
3. அந்த இடத்தில் உங்களில் ஒருவரும் உறங்க முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால், உங்கள் படுக்கையறையையே நாய்க்கும் உறங்குமிடமாக வைத்துக்கொள்ளுங்கள். தொடக்க வாரங்களில் அமைதியான தனியறையைவிட உங்கள் அருகாமை பெரிது.
4. சுவரோரம் படுக்கையை விரியுங்கள். ஒரு மேசையின் மேல் கனமான துணியைப் போட்டு மூன்று பக்கம் மூடி, கீழே விரித்தால் பல நாய்களுக்குப் பிடிக்கும். நான்காவது பக்கம் எப்போதும் திறந்திருக்க வேண்டும்.
5. நீங்கள் உடுத்திக் கழற்றிய பழைய சட்டை ஒன்றைத் துவைக்காமல் அதில் போடுங்கள்.
6. மின்விசிறியை ஓட விடுங்கள். அதன் ஒரே சீரான இரைச்சல் திடீர்ச் சத்தங்களின் கூர்மையை மழுங்கடிக்கும். வெயில் காலத்தில் ஜன்னலை மூடி வைக்கவும் அது வழி செய்யும்.

எச்சரிக்கை: பயந்த நாயைக் கூண்டில் போட்டுப் பூட்டாதீர்கள். கூண்டு பழகாத நாய் கம்பியைக் கடித்துப் பல்லையும் நகத்தையும் உடைத்துக்கொள்ளும்.

மாலை ஒழுங்கு

நம் ஆட்களில் பலர் வீட்டு வேலை, முதியோர் பராமரிப்பு, உணவக வேலை என்று நேரங்கெட்ட நேரத்தில் வீடு திரும்புகிறவர்கள். அதனால் கடிகார மணியைவிட வரிசையைக் காப்பாற்றுங்கள். எத்தனை மணிக்கு வந்தாலும் அதே வரிசை நடந்தால், அடுத்து என்ன என்று நாய்க்குத் தெரியும். அடுத்தது தெரிந்த நாய்க்குப் பாதிப் பதற்றம் குறையும்.

1. நீண்ட நடை. மாலைக்கான ஒழுங்கு விடியலிலேயே தொடங்குகிறது; இதை விடியற்காலைக்கு ஒதுக்குங்கள். ஏழு மணிக்கு முன் வியா மக்வேதா வெறிச்சோடியிருக்கும். நேரம் இருந்தால் குவாத்ரோ காந்தியில் கடற்பக்கம் திரும்பி போரோ இத்தாலிக்கோ புல்வெளி வரை போய் வாருங்கள். வேகமாக இழுத்துக்கொண்டு நடக்காமல், மோந்து பார்க்க விடுங்கள். மோப்பம் பிடிப்பது நாயை அமைதிப்படுத்தும் வேலை.
2. உணவு. உறங்குவதற்குச் சுமார் மூன்று மணி நேரம் முன்பு. சோறும் அவித்த கோழியும் கொடுப்பதானால் உப்பு, வெங்காயம், பூண்டு சேர்க்காமல். சமைத்த எலும்பு கூடாது.
3. குறுநடை. மலசலத்துக்கு மட்டும். கூட்டம் நிறைந்த பெருந்தெருவைத் தவிர்த்துப் பின் சந்துக்குப் போங்கள். பல்லரோ சந்தை ஓரமாகப் போனால் தரையில் கிடக்கும் மீன்முள்ளிலும் கோழி எலும்பிலும் கண் இருக்கட்டும். கோடையில் புறங்கையைத் தெருக்கல்லில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாத சூட்டில் அதன் பாதமும் தாங்காது.
4. விளக்கைக் குறைத்தல். தொலைக்காட்சிச் சத்தத்தையும் சேர்த்து. பந்து விளையாட்டு, பிள்ளைகளின் ஓட்டம் எல்லாம் இதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.
5. நக்கும் வேலை. ஒரு தட்டையான தட்டில் சர்க்கரை சேர்க்காத தயிரையோ மசித்த பூசணியையோ மெல்லியதாகத் தடவி அதன் படுக்கையில் வையுங்கள். நக்குவதும் மெல்லுவதும் நாயின் மனதைத் தணிக்கும். வேர்க்கடலை வெண்ணெய் வாங்கினால் சைலிட்டால் இருக்கிறதா என்று லேபிளைப் படியுங்கள். அது நாய்க்குக் கொடிய நஞ்சு.
6. ஒரே சொல். "படுப்போம்" என்று ஒரு சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோரும் அதையே சொல்ல வேண்டும். அம்மா தமிழிலும் பிள்ளைகள் இத்தாலியிலும் சொன்னால் அது குழம்பும்.

நடு இரவில் எழுந்தால்

1. பெரிய விளக்கைப் போடாதீர்கள். படுத்தபடியே தாழ்ந்த குரலில் பெயரைச் சொல்லுங்கள். உங்கள் குரல் கேட்டதுமே திரும்பப் படுத்துவிட்டால் வேலை முடிந்தது.
2. வாசலுக்கும் உங்களுக்கும் இடையே நடந்தால் வெளியே போக வேண்டும் என்று பொருள். வாரைப் பூட்டி இறக்கிக்கொண்டு போங்கள். அதே இடம், ஐந்து நிமிடம், பேச்சில்லை, விளையாட்டில்லை. குட்டி நாயால் இரவு முழுக்கச் சிறுநீரை அடக்க முடியாது. அழும் முன் நீங்களே அலாரம் வைத்து எழுந்து கொண்டு போங்கள்.
3. சத்தத்தில் மிரண்டிருந்தால், அதன் பக்கத்தில் தரையில் உட்காருங்கள். நேருக்கு நேர் பார்க்காமல் பக்கவாட்டில். அது வந்து சாய்ந்தால், மார்பிலிருந்து விலா வரை மெதுவாக, நீளமாகத் தடவுங்கள். நடுவில் கையை எடுத்துப் பாருங்கள். இன்னும் வேண்டுமென்றால் மூக்கால் தள்ளும். விலகிப் போனால் போகட்டும்.
4. மறுபடி படுத்ததும் நீங்களும் படுங்கள்.
5. நேரத்தையும் காரணத்தையும் ஒரு தாளில் குறியுங்கள்.

ஐந்தாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டு வாரம் எழுதினால் ஒரு ஒழுங்கு தெரியும். தினமும் ஒரே நேரத்தில் எழுகிறது என்றால் அந்த நேரத்தில் எந்தக் கடையின் ஷட்டர் இறங்குகிறது என்று கேட்டுப் பாருங்கள். விடிவதற்கு முன் எழுகிறது என்றால் குப்பை வண்டி வரும் நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காரணம் கிடைத்துவிட்டால் படுக்கையை எந்த அறைக்கு மாற்றுவது, எந்தச் சத்தத்துக்குப் பழக்குவது என்பதும் தெளிவாகிவிடும்.

"பயந்த நாயைத் தடவிக் கொடுத்தால் பயம் கூடிவிடும்" என்று பலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். பயம் ஓர் உணர்ச்சி. ஆறுதல் சொன்னால் அது வளராது. பயத்தை வளர்ப்பது அதட்டலும் அடியும்தான். வெடிச்சத்தத்தோடு உங்கள் கோபமும் சேர்ந்தால் நாய்க்கு அஞ்ச வேண்டியவை இரண்டாகிவிடும். குரைத்தால் மின்னதிர்ச்சி கொடுக்கும் கழுத்துப்பட்டைகளை யார் சொன்னாலும் வாங்காதீர்கள். சத்தத்தை நிறுத்திவிட்டுப் பயத்தை அப்படியே உள்ளே விட்டுவைக்கும் கருவி அது.

தள்ளிப் படுக்கப் பழக்குதல்

நாய் வேறு அறையில் படுக்க வேண்டுமென்றால், தொடர்ந்து பல நாள் நிம்மதியாக உறங்கிய பிறகு தொடங்குங்கள். படுக்கையைச் சில இரவுகளுக்கு ஒருமுறை ஒரு முழம் நகர்த்துங்கள். எழுந்து தேடினால் ஒரு முழம் திரும்பி வாருங்கள். காப்பகத்திலிருந்து வந்த நாய்க்கு அவசரமே கூடாது. 1991-இன் 281-ஆம் சட்டம் தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதை இத்தாலியில் தடுத்தது. அப்படி உயிர் பிழைத்துக் காப்பகத்தில் ஆண்டுகள் கழித்த நாய்க்கு, நாற்புறமும் சுவர் உள்ள வீடும் தனி அறையும் முற்றிலும் புதிது. உங்கள் அறையிலேயே கடைசிவரை படுத்தாலும் குறையொன்றும் இல்லை.

சத்தத்துக்குப் பழக்குதல்

இதைப் பகலில் செய்ய வேண்டும்.

1. நாயை எழுப்பும் சத்தத்தை உங்கள் பால்கனியிலிருந்தே கைப்பேசியில் பதிவு செய்யுங்கள்.
2. நாயின் காது அசையும், ஆனால் எழாது என்ற அளவு மெல்லிய ஒலியில் ஓட விடுங்கள்.
3. சத்தம் முதலில், தின்பண்டம் அடுத்த நொடியில். வரிசை மாறினால் தின்பண்டமே ஆபத்தின் முன்னறிவிப்பாகிவிடும்.
4. ஐந்து நிமிடத்தோடு நிறுத்துங்கள்.
5. சத்தம் கேட்டதும் உங்கள் கையை ஆவலோடு பார்க்கத் தொடங்கிய பிறகே ஒலியைச் சற்றுக் கூட்டுங்கள்.

கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கி வெடியின் அடியொலியை எழுப்பாது. அதில் அமைதியாக இருந்த நாய் நிஜ வெடிக்கு மிரளுவது அதனால்தான். வெடிக்குப் பழக்குவதென்றால் பெரிய ஒலிபெருக்கி வேண்டும், திருவிழாவுக்குப் பல மாதம் முன்பே தொடங்கவும் வேண்டும்.

ஜூலை 14 இரவு

சாந்தா ரொசாலியாவின் பெஸ்தீனோ திருவிழா இரவு தனித் திட்டம் கேட்கும் இரவு. 1624-இன் கொள்ளைநோயிலிருந்து நகரைக் காத்தவள் என்று பலெர்மோ அவளைக் கொண்டாடுகிறது. நம்மவர்களில் கத்தோலிக்கரும் சைவரும் சேர்ந்தே மொந்தே பெல்லெக்ரீனோ மலையேறி அவளைக் கும்பிடுகிறார்கள். அன்றிரவு தேர் கஸ்ஸாரோ தெரு வழியாக இறங்கி, வியா மக்வேதாவை வெட்டும் குவாத்ரோ காந்தியில் நின்று, கடற்கரை நோக்கிப் போகும். நள்ளிரவை ஒட்டி போரோ இத்தாலிக்கோவில் வாணவேடிக்கை. வீடே திரண்டு தேர் பார்க்கப் போகும் அந்த ஒரே இரவில்தான் நாய்க்கு ஆள்துணை அதிகம் தேவைப்படுகிறது. ஒருவர் வீட்டில் இருங்கள். அடுத்த ஆண்டு மற்றவர் முறை.

1. ஜூன் தொடக்கத்தில் மருத்துவரைப் பாருங்கள். மருந்து தருவதென்றால் அதை ஓர் அமைதியான நாளில் ஒருமுறை கொடுத்துப் பார்க்க அவகாசம் வேண்டும்.
2. மைக்ரோசிப் பதிவில் உங்கள் தற்போதைய தொலைபேசி எண் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். வீடு மாறியவர்கள் இதைத்தான் மறப்பார்கள். எண் பழையதானால் நாய் கிடைத்தாலும் உங்களுக்குச் செய்தி வராது.
3. பதினான்காம் தேதி காலையில் நீண்ட நடை. கடைசிக் குறுநடையை வெளிச்சம் இருக்கும்போதே முடியுங்கள்.
4. வெளியே போகும்போது கழுத்துப்பட்டையை மட்டும் நம்பாதீர்கள். மிரண்ட நாய் பின்வாங்கித் தலையை உருவிக்கொள்ளும். மார்புப்பட்டையும் கழுத்துப்பட்டையும் அணிவித்து இரண்டிலும் வாரை மாட்டுங்கள். நகருக்குள் வார் 1.5 மீட்டருக்கு மேல் நீளக் கூடாது என்பது இத்தாலிய விதி.
5. இருட்டும் முன் மரக்கதவுகள், ஜன்னல்கள், திரைகள் எல்லாவற்றையும் மூடுங்கள். வெடியின் மின்னலும் நாயை மிரட்டும். விசிறியும் மெல்லிய இசையும் ஓடட்டும். 2017-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வில் காப்பக நாய்கள் மெல்லிய ராக், ரெகே இசைக்கு நன்றாகத் தணிந்தன. ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டால் பலன் குறையும்.
6. வாசற்கதவைத் திறக்குமுன் நாய் உள்ளறையில் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். விருந்தினர் வந்து போகும் இரவு அது. திறந்த கதவு வழியாக ஓடிய நாய், லட்சம் பேர் நெருக்கத்தில் உங்கள் கண்ணுக்குத் தப்பிவிடும்.
7. கட்டிலுக்கு அடியிலோ குளியலறையிலோ ஒளிந்தால் இழுக்காதீர்கள். தண்ணீரை அருகில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.

டிசம்பர் 31-க்கும் இதே திட்டம்தான். ஊரில் தீபாவளிக்கும் இதுவே பொருந்தும்.

மருந்துப் பெட்டி

வீட்டிலிருக்கும் மனித மருந்து எதையும் நாய்க்குக் கொடுக்காதீர்கள். பனடோல், இங்கே தக்கிப்பிரீனா என்று விற்பது, இரண்டும் பாராசிட்டமால்தான். நாயின் ஈரலையும் ரத்தத்தையும் அது கெடுக்கும். இபுப்ரோஃபென் வயிற்றையும் சிறுநீரகத்தையும் புண்ணாக்கும். உங்கள் தூக்க மாத்திரையையும் கொடுக்காதீர்கள்.

சத்தப் பயத்துக்கென்றே ஒப்புதல் பெற்ற நாய் மருந்துகள் ஐரோப்பாவில் உண்டு. டெக்ஸ்மெடெடோமிடின் பசையை ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவே வைக்க வேண்டும். விழுங்கினால் பலன் குறையும். கையுறை போடாமல் தொடக் கூடாது. இமெபிட்டோயின் மாத்திரையை வெடிநாளுக்கு இரண்டு நாள் முன்பே தொடங்க வேண்டும். எதைத் தருவது, எவ்வளவு என்பது மருத்துவர் முடிவு. யாராவது அசெப்ரோமசின் மட்டும் கொடுக்கச் சொன்னால் மறுபடி கேளுங்கள். அது உடலைக் கட்டிப்போடும். அசைய முடியாமல் கிடக்கும் நாயின் உள்ளே பயம் அப்படியே இருக்கும்.

அயலவர்கள்

இத்தாலியில் 2012-இன் 220-ஆம் சட்டப்படி, குடியிருப்புச் சங்க விதிகள் வீட்டில் நாய் வளர்ப்பதைத் தடுக்க முடியாது. இரவு ஊளைக்குப் புகார் வராது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். மேல்வீட்டுச் சிஞ்ஞோராவிடம் நீங்களே முந்திப் போய், நாய் புதிது, பழக்கிக்கொண்டிருக்கிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் வேலைக்குப் போன பிறகு அழுகிறதா என்றும் கேளுங்கள். அந்தப் பதிலை அவரைவிட்டால் வேறு யாரும் தர முடியாது.

உடனே மருத்துவமனைக்கு

வயிறு உப்பி, வாந்தியெடுக்க முயன்று எதுவும் வராமல் தவித்தால், ஈறு வெளிறினால், வலிப்பு வந்தால், மூச்சிரைப்போடு தள்ளாடினால், அது பதற்றம் என்று விடியும்வரை காத்திருக்காதீர்கள். இரவு முழுவதும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனையின் முகவரியையும் எண்ணையும், அங்கே கொண்டு போகும் வண்டிக்காரரின் எண்ணையும் இன்றைக்கே எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள். கார் உள்ளே வராத தெருப்பகுதியில் குடியிருப்பவர்கள், நாயைத் தூக்கிக்கொண்டு எந்தச் சந்து முனைவரை நடக்க வேண்டும் என்பதையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.